வாசலை அடைத்து நின்றவர்கள்

(வானொலி மறையுரை – தவக்காலம்)



கப்பர்நாகூமில் நடந்ததை மாற்கு தம் நற்செய்தியின் இரண்டாம் அதிகாரத்தில் எழுதியிருக்கிறார். முடக்குவாதமுற்ற ஒருவரை நால்வர் தூக்கி வருகிறார்கள். ஆண்டவர் இருந்த வீட்டுக்குள் நுழைய வழியில்லை. கூரையைப் பிரித்துக் கட்டிலோடு இறக்குகிறார்கள். அந்த நால்வரின் விசுவாசத்தைப் புகழ்ந்து நாமும் பலமுறை பிரசங்கம் வைத்திருக்கிறோம். வழி ஏன் அடைபட்டிருந்தது என்று மட்டும் கேட்டதில்லை. வாசலில் நின்றவர்கள் கெட்டவர்களா? ஆண்டவருடைய வார்த்தையைக் கேட்க வந்த பக்தியுள்ள மக்கள்தான். கட்டில் உள்ளே போகச் சற்று ஒதுங்கி நிற்கவேண்டும் என்று அவர்களுக்குத் தோன்றவில்லை, அவ்வளவுதான்.

மார்ச் 21-ஆம் நாளை உலக டவுன் சின்ட்ரோம் நாளாக ஐக்கிய நாடுகள் சபை 2012 முதல் கடைப்பிடித்து வருகிறது. நம் உடலின் உயிரணுக்களில் 23 சோடி குரோமோசோம்கள் உண்டு. இந்தப் பிள்ளைகளுக்கு 21-ஆவது இடத்தில் இரண்டுக்குப் பதிலாக மூன்று இருக்கும். ஆகவே மூன்றாம் மாதம், 21-ஆம் நாள். இதை 1959-இல் பாரிசில் வெளியிட்டவர்கள் ஜெரோம் லெழேன், மார்த் கோத்தியே, ரெமோன் தியூர்ப்பன் என்ற மூன்று மருத்துவர்கள். லெழேனை 2021-இல் திருச்சபை வணக்கத்துக்குரியவர் என அறிவித்தது. அவர்கள் கண்டதனால் பெற்றோரின் தலையிலிருந்து ஒரு பழி இறங்கியது. இது பெரும்பாலும் கருமுட்டை உருவாகும்போதே, யார் கையிலும் இல்லாமல் நேர்வது. கிரகணத்தன்று வெளியே போனதாலோ, மாமியார் விட்ட சாபத்தாலோ வருவதில்லை. பிறவியிலேயே பார்வையற்றவரைக் காட்டி, யார் செய்த பாவம் என்று கேட்ட சீடர்களுக்கு ஆண்டவர் சொன்ன பதிலும் இதுதானே!

இனி நம் பாவத்தைச் சொல்லவேண்டும். சில ஆண்டுகளுக்கு முன் உப்பளத்தில் கூலி வேலை செய்யும் ஒரு தாய், டவுன் சின்ட்ரோம் உள்ள தன் மகனுக்குப் புதுநன்மை கேட்டு வந்தார். பையனுக்கு வயது பதினொன்று. "ஜெபமெல்லாம் முழுசா வராது சாமி, ஆனா கோயில்னா ஓடி வருவான்" என்றார். "அடுத்த வருஷம் பார்க்கலாம்மா" என்று அனுப்பினோம். அடுத்த வருடமும் அதையே சொன்னோம். ஞாயிறுதோறும் அவன் நன்மை வரிசையில் வந்து கையை நீட்டுவான். நெற்றியில் சிலுவை வரைந்து அனுப்புவோம். அவன் திரும்பிப் போய், வரிசையின் கடைசியில் மறுபடியும் நிற்பான்.

குருமடத்தில் இறையியல் படித்தவர்கள் நாம். சாதாரண அப்பத்துக்கும் ஆண்டவருடைய திருவுடலுக்கும் வேறுபாடு அறிந்தால் போதும் என்று திருத்தந்தை பத்தாம் பயஸ் 1910-இலேயே வழி திறந்துவிட்டதையும், உடல், உள்ளக் குறையுள்ளோருக்கு அவர்கள் நிலைக்கேற்ற மறைக்கல்வி தரவேண்டிய கடமையைத் திருச்சபைச் சட்டம் 777 பங்குத்தந்தையின் மேல் வைத்திருப்பதையும் தேர்வில் எழுதியவர்கள். அந்த வேறுபாட்டை அந்தப் பையன் ஞாயிறுதோறும் நமக்குக் காட்டிக்கொண்டிருந்தான். வாசலில் நின்றது நாம்தான்.

அவன் வகுப்பில் எப்போதும் தூங்கி வழிவான். "அந்தப் பிள்ளைங்க அப்படித்தான்" என்று எல்லாரும் விட்டுவிட்டோம். நம் பங்கைச் சேர்ந்த செவிலியர் ஒருவர்தான், இவர்களுக்குத் தைராய்டு குறைவது சகஜம் என்று சொல்லி இரத்தம் பார்க்க வைத்தார். குறைவாகத்தான் இருந்தது. இப்போது தினமும் காலையில் ஒரு சிறு மாத்திரை. தூக்கம் பெருமளவு போய்விட்டது. எத்தனை வருடம் அவனை மந்தம் என்றோம்!

ஆகவே தாய்மாரே, இதைக் கவனமாகக் கேளுங்கள். டவுன் சின்ட்ரோம் உள்ள குழந்தைகளில் ஏறத்தாழப் பாதிப் பேருக்குப் பிறவியிலேயே இதயக் குறை இருக்கும். பால் குடிக்கும்போது வியர்த்தாலும் மூச்சு வாங்கினாலும் காத்திருக்கவேண்டாம். ஒன்றுமே தெரியாவிட்டாலும் எக்கோ பரிசோதனை ஒன்று எடுத்தே ஆகவேண்டும். நமக்குப் பக்கத்தில் புதுச்சேரி ஜிப்மர் இருக்கிறது, முண்டியம்பாக்கத்தில் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்ட அட்டையை எடுத்துப் போங்கள். காது, கண், தைராய்டு மூன்றையும் மருத்துவர் சொல்லும் இடைவெளியில் தவறாமல் பாருங்கள். தசை தளர்ந்திருப்பதால் உட்கார, நடக்க, பேசத் தாமதமாகும். பயிற்சியை முதல் மாதங்களிலேயே தொடங்கினால் பலன் அதிகம். இதற்கென்று மாவட்ட அளவில் ஆரம்ப நிலை இடையீட்டு சேவை மையம் உண்டு. அங்கன்வாடிக்கும் பள்ளிக்கும் வரும் மருத்துவக் குழுவிடம் கேட்டால் அனுப்பிவைப்பார்கள்.

பணம், படிப்பு பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுவோம். மாற்றுத்திறனாளி அடையாள அட்டையில் அறிவுசார் குறைபாடு 40 விழுக்காடோ அதற்கு மேலோ இருந்தால் தமிழக அரசின் பராமரிப்பு உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கலாம். 2023 ஜனவரியிலிருந்து அது மாதம் 2,000 ரூபாய். 2016-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி 6 முதல் 18 வயது வரை இலவசக் கல்வி இவர்களின் உரிமை. வட்டார வள மையத்தில் சிறப்பாசிரியர்கள் இருக்கிறார்கள்.

எல்லாம் இருக்கிறது. ஆனால் அந்தத் தாய்க்கு அங்கே போய்ச் சேருவதுதான் பாடாக இருந்தது. உப்பு வாரும் நாளில் விடியுமுன் வேலைக்குப் போகவேண்டியவர், திண்டிவனம் போய் வண்டி மாறி விழுப்புரம் போனார். முதல் நாள், பரிசோதிக்க வேண்டியவர் விடுப்பு. இரண்டாம் நாள், ஒரு நகல் குறைந்தது. இரண்டு நாள் கூலி போயிற்று. "விடுங்க சாமி, அது நமக்கில்ல" என்று சொல்லிவிட்டார். மூன்றாம் முறை வின்சென்ட் தே பவுல் சபையிலிருந்து இருவர் கூடப் போனார்கள். ஒருவர் வரிசையில் நின்றார், ஒருவர் நகல் எடுக்க ஓடினார். மாலைக்குள் வேலை முடிந்தது. கட்டிலுக்கு நான்கு மூலை இருப்பது ஏனென்று அன்று நமக்கு விளங்கியது.

இன்னொன்றைத் தாய்மார் நம்மிடம் தனியாகத்தான் கேட்கிறார்கள்: "எனக்குப் பிறகு யார் சாமி?" அமெரிக்காவில் 1983-இல் இவர்களின் சராசரி ஆயுள் 25 வயதாக இருந்தது; இன்று 60-ஐ ஒட்டி வந்துவிட்டது. நல்ல செய்திதான். ஆனால் பிள்ளை பெற்றோருக்குப் பின்னும் வாழ்வான் என்று அதற்குப் பொருள். 1999-இல் வந்த தேசிய அறக்கட்டளைச் சட்டத்தின்படி, மாவட்ட ஆட்சியர் தலைமையிலான குழு, 18 வயதைக் கடந்தவருக்குச் சட்டப்படியான பாதுகாவலரை நியமிக்கலாம். அண்ணனோ அக்காவோ சித்தியோ முன்வந்து கையொப்பமிட வேண்டும். பெற்றவர்கள் இருக்கும்போதே குடும்பத்தார் கூடி உட்கார்ந்து பேசுங்கள். சாவு வீட்டில் பேசும் பேச்சாக அதை விட்டுவைக்காதீர்கள்.

நம் பங்கில் ஒவ்வோர் அன்பியமும் தன் தெருவில் இப்படி யார் இருக்கிறார்கள் என்று இந்தத் தவக்காலத்தில் பார்த்து வரவேண்டும். உறவினர் வந்தால் உள்ளறையில் உட்கார வைக்கப்படும் பிள்ளைகளையும் சேர்த்துத்தான். வரும் ஞாயிறு இரண்டாம் திருப்பலி முடிந்ததும் கோயில் வாசலில் விண்ணப்பப் படிவங்களோடு உட்கார்ந்திருப்போம். ஆதார், குடும்ப அட்டை, நான்கு புகைப்படம் கொண்டுவாருங்கள். செவ்வாய்க்கிழமை முதல் பேருந்தில் விழுப்புரம் போகிறோம். கூட வர இருவர் பெயர் கொடுத்திருக்கிறார்கள். இன்னும் இருவர் வேண்டும்.