ஐந்துக்கு ஐந்து
(சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



'வெளிநாட்டில் பணிபுரியும் மேலாளர்களின் மனநிறைவு' என்று தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். சம்பளத்தைப் பற்றி மட்டும் கேட்டிருந்தால் சீக்கிரம் முடித்திருப்பேன்!

2004-இல் கொள்முதல் மேலாளராக ஜித்தா போனேன். வருமான வரி கிடையாது. வீடு, கார், வருஷத்துக்கு ஒரு தடவை விமான டிக்கெட். தொடக்கத்தில் தடுமாறத்தான் செய்தேன். அப்போது அங்கே வியாழன், வெள்ளி விடுமுறை. (வெள்ளி, சனியாக மாறியது 2013-இல்தான்.) பேரம் படியும் நேரம் பார்த்துத் தொழுகை அழைப்பு வரும், ஷட்டர் இறங்கும். 'இன்ஷா அல்லா' என்பது சம்மதமா, நழுவலா என்று குரலை வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். எங்கள் கணக்காளர் ஒரு எகிப்துக்காரர். "முதலில் டீ குடி, குடும்பத்தை விசாரி, விலையைக் கடைசியில் கேள்" என்று பாடம் எடுத்தார். ஆறே மாதத்தில் தேறிவிட்டேன்.

என் துணைவியாருக்குப் பாடம் எடுக்க யாருமில்லை. இங்கே மெட்ரிக் பள்ளியில் கணக்கு டீச்சர். தினமும் ஸ்கூட்டரில் போய் வந்தவர். அங்கே என்னைச் சார்ந்து வந்தவர் என்பதால் வேலை பார்க்க அனுமதி இல்லை. பெண்கள் வண்டி ஓட்டவும் 2018 ஜூன் வரை தடை.

ஒரு நாள் கம்பெனியிலிருந்து ஒரு படிவம். 'வேலையில் திருப்தியா?' சாப்பாட்டு மேஜையில் வைத்தே ஐந்துக்கு ஐந்து போட்டேன். எட்டிப் பார்த்துவிட்டு, "உங்களை மட்டும்தானே கேட்டிருக்காங்க?" என்றார். வேடிக்கையாகச் சொல்கிறார் என்று சிரித்தேன். இரண்டு வாரம் கழித்து ராத்திரி வீட்டுக்கு வந்தால், விளக்குக்கூடப் போடாமல் உட்கார்ந்திருக்கிறார். "இன்னைக்கு நான் வாயைத் திறக்கிறது இப்பத்தான்" என்றார். அன்றைக்கு எனக்குச் சிரிப்பு வரவில்லை.

நிர்வாகவியல் மாணவர்கள் பிளாக், மெண்டன்ஹால், ஓடோ மூவரும் 1991-இல் எழுதிய கட்டுரையைப் படித்திருப்பீர்கள். வேலை, உள்ளூர் மக்களோடு பழகுவது, அன்றாட வாழ்க்கை என்று ஒத்துப்போவதை மூன்றாகப் பிரித்தார்கள். குடும்பம் ஒத்துப்போகாவிட்டால் அது மேலாளரையும் பாதிக்கும் என்றார்கள். எனக்கு முதல் பேப்பரில் மட்டும்தான் பாஸ்.

வீட்டுக்காரிக்கு வேலை அனுமதி உண்டா என்று நேர்முகத் தேர்விலேயே கேட்டிருக்கலாம். தப்பாக நினைப்பார்களோ என்று வாயை மூடிக்கொண்டேன். தம்பிகளே, தங்கைகளே, நீங்கள் தயங்காமல் கேளுங்கள்.

2006-இல் அவர் ஊர் திரும்பிப் பழைய பள்ளியிலேயே சேர்ந்தார். எனக்கு அதே வருஷம் பதவி உயர்வு. 2011 வரை தனியாக இருந்தேன். அந்த உயர்வை ஏற்றது சரிதானா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியவில்லை. அவர் முன்வரிசையில்தான் உட்கார்ந்திருக்கிறார். உரை முடிந்ததும் அவரையே கேட்டுக்கொள்ளுங்கள்.