மாதிரித்தாள் நகரலாகாது

(ஊராட்சி உறுப்பினர்களும் உழவர்களும் தோல் கைவினைக் குழுவினரும் கூடிய பயிற்சி முகாமில் நிகழ்த்திய உரை)

 

கிராமத் தொழில்களைப் பற்றிப் பேச எழுகிறவர்கள் கடன், இயந்திரம், சந்தை ஆகிய மூன்றைப் பற்றியே பெரும்பாலும் பேசுவது வழக்கம். அவை பெரிய விஷயங்கள்தாம். நான் இன்று எடுத்துக்கொண்டிருப்பதோ மிகச் சிறிய விஷயம். தோலின்மீது மாதிரித்தாளை வைத்து, அது நகராதபடி பிடித்து, அதன் அளவுக்குச் சரியாக வெட்டுவது எப்படி என்பதே அது. இதற்கும் ஒரு பேச்சா என்று சிலர் எண்ணக்கூடும். கடன் வாங்கித் தொடங்கிய சிறு பட்டறை நிலைப்பதும் நொடிப்பதும் பல சமயங்களில் இந்தச் சிறு விஷயத்தைப் பொறுத்தே இருக்கிறது. ஆகவேதான் இதைப் பேசத் துணிந்தேன்.

தோலின் இயல்பு

செருப்பு, பை, இடுப்புவார், பணப்பை, மாட்டுக்கு மணி கட்டும் பட்டை ஆகிய எதைச் செய்வதானாலும் முதலில் அதன் உறுப்புகளைக் காகிதத்தில் வரைந்து வெட்டிக்கொள்கிறோம். பட்டறைகளில் ‘பேட்டர்ன்’ என வழங்கும் இதையே மாதிரித்தாள் என்கிறேன். தையற்காரரும் இவ்வாறே செய்கிறார். ஆயினும் துணிக்கும் தோலுக்கும் பெரிய வேறுபாடு உண்டு.

துணி, நூல்களால் நெய்யப்பட்டது. அதில் குண்டூசி குத்தினால் நூல்கள் விலகி இடம் கொடுக்கின்றன. ஊசியை எடுத்தபின் மீண்டும் கூடிக்கொள்கின்றன. தோலோ ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கும் நுண்ணிய நார்களால் ஆனது. அதில் குத்திய துளை குத்தியதுதான், மூடாது. இரும்பு பழுதானால் கொல்லர் உருக்கி அடிப்பார். மண்பாண்டம் சுடுவதற்கு முன் சிதைந்தால் குயவர் மீண்டும் பிசைவார். தோலில் தவறி விழுந்த வெட்டைத் திருத்த வழியில்லை.

ஓர் ஆட்டுத்தோலில் பத்துத் துண்டுகள் எடுக்கலாம் என வைத்துக்கொள்வோம். தாள் சற்றே நகர்ந்ததனால் ஒரு துண்டு பழுதானால், தோலின் விலையில் பத்தில் ஒரு பங்கு போயிற்று. அது வலக்காலுக்கு உரிய துண்டாயின், இடக்காலுக்கு வெட்டிய துண்டும் இணையின்றிக் கிடக்கும். அந்த இணையில் கிடைத்திருக்கக்கூடிய கூலியும் கிடையாது. தோலின் விலையை எவ்வளவு பேரம் பேசிக் குறைத்து வாங்கினாலும், வெட்டும் மேசையில் இழந்ததை அதனால் மீட்க முடியாது.

தாளைப் பிடிக்கும் முறைகள்

மெல்லிய தாளை அப்படியே தோல்மீது வைத்து வெட்டுவது உசிதமன்று. கத்தி தாளின் ஓரத்தையும் சீவிக்கொண்டு போகும். பத்தாவது முறை வெட்டும்போது மாதிரியே சிறுத்துப்போயிருக்கும். ஆகவே தாளைக் கெட்டி அட்டையில் ஒட்டி, பாரம் வைத்துச் சமதளத்தில் உலரவிட்டு, ஓரத்தைச் சுத்தமாக வெட்டி வைத்துக்கொள்ள வேண்டும். கையால் வெட்டும் தொழிற்சாலைகளில் அட்டையின் ஓரத்துக்குப் பித்தளைத் தகட்டு விளிம்பு கட்டுவது நெடுங்கால வழக்கம். கிராமப் பட்டறைக்கு அவ்வளவு வேண்டுவதில்லை. நல்ல அட்டையே போதும்.

இனி, அதை நகராமல் நிறுத்தும் வழிகளைக் காண்போம்.

முதலாவது, பாரம் வைத்தல். எல்லாவற்றிலும் எளியதும் தோலுக்குத் தீங்கு குறைந்ததும் இதுவே. ஒரு பாரத்தை மட்டும் வைத்தால் தாள் அதை அச்சாகக் கொண்டு சுழலும். ஆகையால் மாதிரியின் அளவுக்கேற்ப இரண்டு அல்லது மூன்று பாரங்கள் வேண்டும். அவற்றைக் கையும் கருவியும் செல்லும் ஓரத்திலிருந்து சற்று உள்ளே தள்ளி வைக்க வேண்டும். அடிப்பக்கம் வழவழப்பாக உள்ள கல் இதற்கு மிகவும் ஏற்றது.

இரண்டாவது, ரப்பர் வில்லைகள். பழைய சைக்கிள் டியூபிலிருந்து ஒரே கனமுள்ள சிறு துண்டுகளை வெட்டி, அட்டையின் அடியில் மூலைக்கு ஒன்றாக ஒட்டிவிட்டால் அட்டை வழுக்காது. வெளிர்நிறத் தோலாயின், ரப்பரின் கறுப்பு தோலில் படிகிறதா என்று கழிவுத் துண்டில் முதலில் தேய்த்துப் பார்ப்பது நலம்.

மூன்றாவது, ஒட்டு நாடா. ‘மாஸ்கிங் டேப்’ என்று கடைகளில் கிடைக்கும் காகித நாடாவையே உபயோகிக்கவேண்டும். அதன் பசை அதிகமாக இருந்தால் ஒரு முறை துணியில் ஒட்டி எடுத்துவிட்டுப் பிறகு தோலில் ஒட்டலாம். எடுக்கும்போது வெடுக்கென்று பிடுங்காமல், பின்புறமாக மடித்து மெல்ல உரிக்க வேண்டும். முகத்தில் மென்மயிர்போல் பஞ்சு எழுப்பிய தோலிலும், மேற்பூச்சு இலேசாக உள்ள தோலிலும் நாடாவை முகப்புறத்தில் ஒட்டலாகாது. பூச்சும் பஞ்சும் அதனோடு வந்துவிடும். அத்தகைய தோலைத் திருப்பிப்போட்டுச் சதைப்புறத்தில் ஒட்ட வேண்டும். அப்போது மாதிரியையும் திருப்பி வைக்க மறக்கலாகாது. மறந்தால் வலம் இடமாகிவிடும்.

நான்காவது, சைக்கிள் பஞ்சர் ஒட்டும் சொல்யூஷன் போன்ற ரப்பர் பசை. மாதிரித்தாளின் அடியில் மிக மெல்லிதாகத் தடவி, நன்கு உலரவிட்டு, சதைப்புறத்தில் இலேசாக அழுத்தினால் தாள் நிற்கும். வேலை முடிந்ததும் உரிந்து வரும். எஞ்சிய பசையை விரலால் உருட்டி எடுத்துவிடலாம். இதன் ஆவி எளிதில் தீப்பற்றும். சன்னலைத் திறந்துவைத்து வேலை செய்க. அருகில் விளக்கோ பீடியோ கூடாது.

ஐந்தாவது, குண்டூசி. இதை இயன்றவரை தவிர்ப்பதே நன்று. தவிர்க்க முடியாதபோது, கோட்டுக்கு வெளியே கழிவாகப் போகும் பகுதியில் குத்தலாம். பின்னால் தையல் துளை விழவேண்டிய புள்ளியிலும் குத்தலாம். வேறெங்கும் குத்தலாகாது.

எந்த முறையைக் கையாண்டாலும், தாளைச் சுற்றிக் குத்தூசியின் முனையாலோ வெள்ளிநிறப் பேனாவாலோ இலேசாகக் கோடு இழுத்துக்கொண்டு, தாளை எடுத்துவிட்டுக் கோட்டின்மேல் வெட்டுவது புதிதாகப் பயில்வோருக்கு உகந்தது. தாள் நகராமல் இருக்கவேண்டியது கோடு இழுத்து முடியும்வரைதான். அதன்பின் வளைவுகளில் கத்தியைத் திருப்பாமல் தோலையே திருப்பிக்கொள்ளலாம். மூலைகளின் வளைவை முதலில் வட்ட உளியால் தட்டி எடுத்துவிட்டு, பிறகு நேர்க்கோடுகளை வெட்டினால் மூலை பிசகாது. கத்தி செங்குத்தாக நிற்கவேண்டும்; தாங்கும் கை அதன் பாதையில் இருத்தலாகாது.

இரும்பும் ஆவாரம்பட்டையும்

இங்கே ஓர் எச்சரிக்கை. ஆவாரம்பட்டை, கடுக்காய் முதலியவற்றால் பதனிடுவது நம் நாட்டில் தொன்றுதொட்டு வந்த முறை. அவ்வாறு பதனிட்ட தோலை ஈரமாக்கி வளைப்பதும் அழுத்திக் கோடிடுவதும் உண்டு. ஈரம் உள்ளபோது அதன்மேல் இரும்புப் படிக்கல்லைப் பாரமாக வைத்தால், எடுத்தபின் அந்த இடத்தில் கருநீலக் கறை தென்படும். கடுக்காய்ச் சாற்றில் அன்னபேதியைக் கலந்தால் கறுப்பு மை உண்டாவதை நம் பெரியோர் அறிவர். தோலில் நிகழ்வதும் அதே வினைதான். பட்டையின் துவர்ப்புச் சத்தும் இரும்பும் ஈரத்தில் கூடிக் கறுக்கின்றன. ஆகவே ஈரத்தோலுக்குக் கல்லையே பாரமாகக் கொள்க. இரும்புதான் உண்டென்றால் அதைப் பிளாஸ்டிக் தாளில் நன்றாகச் சுற்றி வைக்க வேண்டும். வியர்த்த கையோடு துருப்பிடித்த கருவியைத் தோல்மேல் போட்டுவைப்பதும் ஆகாது.

உழவர்களுக்கு ஒரு வார்த்தை

“இதில் எங்களுக்கு என்ன?” என்று உழவர் பெருமக்கள் கேட்கலாம். வெட்டுகிறவர் மாதிரித்தாளை எங்கே வைப்பது என்பதை ஓரளவு நீங்களே தீர்மானித்துவிடுகிறீர்கள்.

முதுகுப்பகுதித் தோல் கெட்டியானது. நீளவாக்கில் அதிகம் இழுபடாது. வார்களையும் பட்டைகளையும் அங்கேதான் எடுக்க வேண்டும். வயிற்றுப்பகுதியும் கால்பகுதியும் தளர்ந்து இழுபடுபவை. அவை உள்ளே மறையும் துண்டுகளுக்கே உதவும். இதை அறிந்துதான் மாதிரிகளை அடுக்குகிறார்கள். ஆனால் சிறந்த அந்தப் பின்முதுகிலேயே தாற்றுக்கோலின் முள் குத்திய வடுவும், சூடுபோட்ட தழும்பும் இருந்தால் என்ன செய்வது? உண்ணிக்கடியும் முள்வேலிக் கீறலும் பதனிட்ட பிறகும் மறைவதில்லை. தாளை அந்த வடுக்களுக்கு விலக்கி விலக்கி வைப்பதற்குள் பாதித் தோல் வீணாகிறது. முள்ளில்லாத கோலும், உண்ணி அகற்றும் மருந்தும், சூடுபோடாத வைத்தியமும் உயிருள்ள மாட்டுக்குச் செய்யும் தருமம். அந்தத் தருமத்தின் பலன் தோல் தொழிலாளியின் மேசைவரை வந்து சேருகிறது.

ஊராட்சி செய்யவேண்டியது

ஊராட்சி உறுப்பினர்களுக்கு இனி மூன்று யோசனைகளைக் கூறி முடிக்கிறேன்.

ஒன்று, பட்டறைக்கு இயந்திரம் வாங்க உதவும்போது, நல்ல உயரமான வெட்டும் மேசை, ஒளி வரும் சன்னல், அட்டை, பாரக்கற்கள், கூரான கத்தி ஆகியவற்றுக்கும் சிறிது பணம் ஒதுக்குங்கள். இயந்திரம் தைக்கத்தான் செய்யும். பிசகி வெட்டிய துண்டை அது சரியாக்காது.

இரண்டு, மாதிரிகளைப் பாதுகாக்க இடம் வேண்டும். காகிதம் ஈரத்தை உறிஞ்சி விரியும், உலர்ந்து சுருங்கும். மழைக்காலத்தில் தரையில் கிடந்த மாதிரி, கோடையில் அதே அளவு காட்டாது. ஒவ்வொன்றிலும் பொருளின் பெயர், அளவு, வலம் இடம், மேல்முகம் ஆகியவற்றை எழுதி, துளையிட்டுச் சுவரில் தொங்கவிட வேண்டும். மூல மாதிரி ஒன்றைத் தனியே எடுத்துவைத்து, மாதந்தோறும் மற்றவற்றை அதனோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். மேற்கொண்டு பயிற்சி வேண்டுவோர் சென்னை அடையாற்றில் 1948 முதல் இயங்கிவரும் மத்திய தோல் ஆராய்ச்சி நிலையத்தை அணுகலாம்.

மூன்று, பட்டறையை ஊருக்கு வெளியே ஒதுக்காதீர்கள். பாலாற்றுப் பகுதித் தோல் ஆலைகளின் கழிவு குறித்து 1996-இல் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்ததை அறிவீர்கள். அந்தக் கழிவு பதனிடும் இடத்துக்கு உரியது. பதனிட்ட தோலை வாங்கி வெட்டித் தைக்கும் இடத்தில் சுண்ணாம்புத் தொட்டியும் இல்லை, சாயநீரும் இல்லை. தையற்கடை ஊர் நடுவே இருக்கலாமெனில் இதுவும் இருக்கலாம். அப்படியிருந்தும் மனம் தயங்கினால், அந்தத் தயக்கத்தின் வேர் கழிவுநீரில் இல்லை. தொழில் செய்வோரின் சாதியைப் பார்க்கும் பழைய பார்வையில் இருக்கிறது. காந்தியடிகள் தென்னாப்பிரிக்காவில் இருந்தபோது செருப்புத் தைக்கக் கற்றுக்கொண்டார். தாமே செய்த ஓர் இணையை 1914-இல் ஜெனரல் ஸ்மட்ஸுக்குப் பரிசாகவும் அளித்தார். அவர் இழிவென்று கருதாத தொழிலை நாம் ஊரின் எல்லையில் நிறுத்திவைப்பது எவ்வகையில் நியாயம்?

அடுத்த முறை பட்டறைக்குச் செல்லும்போது, எத்தனை இணை விற்றது என்று மட்டும் கேளாமல், கழிவுத் துண்டுகள் கிடக்கும் கூடையையும் பாருங்கள். அதில் பெரிய துண்டுகள் மிகுந்திருந்தால், தாளைப் பிடிக்கும் முறையையும் அடுக்கும் முறையையும் குழுவினரோடு உட்கார்ந்து பேசுங்கள். அந்தக் கூடை இலேசாக ஆக ஆக, அவர்கள் வீட்டுக்குக் கொண்டுசெல்லும் கூலி கனமாகும்.