பழைய காரும் புகைச் சான்றும்

(பழைய மாணவர் சங்க ஆண்டுச் சந்திப்பில் ஆற்றிய உரை. மேடையில் பேசியதை அப்படியே எழுதினால் பாதி "அதாவது" என்றுதான் இருக்கும் என்று மலர்க்குழு சொன்னதால், அங்கங்கே செப்பம் செய்து கொடுத்திருக்கிறேன்.)



சங்கச் செயலாளர் எனக்கு முதலில் கொடுத்த தலைப்பு "மின்சார வாகனங்களின் எதிர்காலம்". "அண்ணே, இந்த அரங்கத்துக்கு வெளியே நிற்கிற வண்டிகளை ஒரு தடவை எண்ணிப் பாருங்கள். எத்தனை எலெக்ட்ரிக்? எத்தனை பதினைந்து வயசு தாண்டியது?" என்று கேட்டேன். சிரித்துவிட்டு, "சரி தம்பி, உன் இஷ்டம்" என்றார். ஆகவே இன்றைக்கு எதிர்காலத்தை விட்டுவிட்டு, வெளியே வெயிலில் நிற்கும் நிகழ்காலத்தைப் பற்றிப் பேசப் போகிறேன். பழைய காரைப் புகைப் பரிசோதனையில் எப்படித் தேற வைப்பது? அதுவும் நேர்வழியில்?

நேர்வழி என்று அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. தங்கச்சிமடத்தில் இருக்கும் என் மாமா, மதுரையிலிருந்து 1999ஆம் வருஷ மாருதி 800 ஒன்றை வாங்கி வந்தார். டி.என். 59 வண்டி, கார்பரேட்டர் மாடல். அத்தையை வாரத்துக்கு இரண்டு தடவை ராமநாதபுரம் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகவேண்டும். பஸ்ஸில் அவரால் முடியாது. அந்த வண்டி புகைப் பரிசோதனையில் தேறவில்லை. உடனே ஒருத்தர் வந்து, "வண்டியைக் கொண்டு வரவே வேண்டாம்ணே, நம்பர் பிளேட்டை மட்டும் போட்டோ பிடிச்சு அனுப்புங்க, சர்டிபிகேட் வீட்டுக்கு வரும்" என்றாராம். மாமா என்னைப் போனில் கூப்பிட்டு, "மாப்ளே, இது நல்ல யோசனையாத்தானே இருக்கு?" என்றார்.

நல்ல யோசனை இல்லை. ஏன் என்பதைச் சட்டத்திலிருந்து ஆரம்பிக்கிறேன், சுருக்கமாக முடித்துவிடுகிறேன். 1989ஆம் வருஷ மத்திய மோட்டார் வாகன விதிகளில் 115ஆவது விதிதான் இதற்கு மூலம். புதுவண்டிக்கு முதல் வருஷம் சான்று தேவையில்லை. அதன் பிறகு பழைய மாடல்களுக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை, பிஎஸ்-4 முதல் வருஷத்துக்கு ஒருமுறை. 2019 திருத்தத்துக்குப் பிறகு அபராதம் 10,000 ரூபாய் வரை போகலாம். புகைச் சான்று இல்லாமல் இன்சூரன்ஸ் புதுப்பிக்கக் கூடாது என்று 2017 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருந்தது. 2024 ஜூலையில் அந்த நிபந்தனையைத் தளர்த்திவிட்டது. அதைக் கேள்விப்பட்டு, சான்றே வேண்டாமாமே என்று சிலர் சொல்கிறார்கள். சான்று வேண்டும். தளர்ந்தது இன்சூரன்ஸோடு போட்ட முடிச்சு மட்டும்தான்.

சட்டத்தைவிட முக்கியமான காரணம் டெல்லியில் இருக்கிறது. அங்கே பத்து வருஷம் தாண்டிய டீசல் வண்டியும் பதினைந்து வருஷம் தாண்டிய பெட்ரோல் வண்டியும் ஓடக்கூடாது என்று பசுமைத் தீர்ப்பாயம் உத்தரவு போட்டு, 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றமும் அதையே சொன்னது. 2025இலும் அந்த விவகாரம் திரும்பத் திரும்ப நீதிமன்றத்துக்கு வந்தது. வண்டி நன்றாக ஓடுகிறதா, புகை எவ்வளவு என்றெல்லாம் பார்க்காமல் பிறந்த தேதியை மட்டும் பார்த்த ஏற்பாடு அது. நம் பக்கத்தில் அப்படி இல்லை. இங்கே பதினைந்து வருஷம் ஆனாலும், தகுதி பார்த்துப் பதிவைப் புதுப்பித்துக்கொண்டு ஓட்டலாம். வயசைவிட மீட்டருக்குத்தான் இங்கே மரியாதை.

டெல்லியின் புகைச் சான்றுகளைத் தணிக்கை செய்த மத்திய தணிக்கைத் துறையின் அறிக்கை 2025 ஏப்ரலில் அங்கே சட்டமன்றத்தில் வைக்கப்பட்டது. அளவு தாண்டிப் புகைத்த 1.08 லட்சம் வண்டிகளுக்குச் சான்று கொடுக்கப்பட்டிருந்ததாக அதில் இருக்கிறது. ஒரே நிமிஷத்தில் சோதனை முடிந்து சான்று வந்ததாகப் பல்லாயிரம் பதிவுகள். மீட்டரை நம்ப முடியாது என்று ஆகிவிட்டால் அதிகாரிக்கு மிச்சமிருப்பது பிறந்த தேதிதானே? மாமாவிடம் இதைத்தான் சொன்னேன். "போட்டோவுக்குச் சர்டிபிகேட் வாங்குற ஒவ்வொருத்தரும் உங்க மாதிரி ஆளோட வண்டிக்குத்தான் குழி பறிக்கிறாங்க மாமா. பணக்காரன் புதுக் கார் வாங்கிட்டுப் போயிருவான்." மாமா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அப்ப வந்து ரிப்பேர் பண்ணிக் குடு" என்றார்.

சரி, ரிப்பேருக்கு வருவோம். முதலில் அந்த ரசீதைப் படிக்கத் தெரியவேண்டும். டாக்டரிடம் போனால் இரத்தப் பரிசோதனைச் சீட்டை ஒரு எழுத்து விடாமல் படிக்கிறோம். புகைச் சீட்டைப் பார்த்தால் பாஸா ஃபெயிலா என்பதோடு மடித்து வைத்துவிடுகிறோம். பெட்ரோல் வண்டிக்கு அதில் முக்கியமாக இரண்டு எண்கள். ஒன்று கார்பன் மோனாக்சைடு, சதவீதத்தில். இன்னொன்று ஹைட்ரோகார்பன், பத்து லட்சத்தில் எத்தனை பங்கு என்று. பிஎஸ்-2க்கு முந்திய காருக்கு உச்ச அளவு 3 சதவீதம், 1,500 பங்கு. பிஎஸ்-2, பிஎஸ்-3 கார்களுக்கு 0.5 சதவீதம், 750 பங்கு. பிஎஸ்-4க்கு 0.3 சதவீதம், 200 பங்கு. இந்த அளவுகளைப் பார்த்தாலே தெரியும், பழைய வண்டியிடம் யாரும் புதுவண்டியின் சுத்தத்தைக் கேட்கவில்லை. அது பிறந்த காலத்தில் எப்படி இருந்திருக்க வேண்டுமோ, ஏறக்குறைய அப்படி இருந்தால் போதும் என்கிறார்கள். நியாயமான கோரிக்கைதான்.

கார்பன் மோனாக்சைடு கூடினால், பெட்ரோலுக்கு வேண்டிய காற்று கிடைக்கவில்லை என்று அர்த்தம். ஹைட்ரோகார்பன் கூடினால், பெட்ரோல் எரியாமலே வெளியே போகிறது: பிளக் சரியாக அடிக்கவில்லை, வால்வு சரியாக மூடவில்லை, அல்லது ஏதோ ஒரு ரப்பர் குழாய் வெடித்து அளவுக்கு மீறி காற்று உள்ளே போகிறது. இந்த இரண்டு வரியைத் தெரிந்துகொண்டு மெக்கானிக்கிடம் போனால், அவர் தேவையில்லாமல் எதையும் மாற்றமாட்டார்.

மாமா வண்டியின் முதல் சீட்டு: கார்பன் மோனாக்சைடு 4.8, ஹைட்ரோகார்பன் 1,720. அதே சீட்டில் கார்பன் டை ஆக்சைடு 8 சதவீதம்தான் என்று இருந்தது. என் கண் அங்கேதான் நின்றது. சரியாக எரிகிற இன்ஜினில் அது 12, 13க்கு மேல் இருக்கவேண்டும். இவ்வளவு குறைந்தால், புகையோடு வெளிக்காற்று எங்கேயோ கலக்கிறது. குனிந்து பார்த்தால் சைலன்சர் இணைப்பில் சுண்டுவிரல் போகிற ஓட்டை.

நம் கடற்கரையில் இது அதிசயமே இல்லை. காரைக்குடி சிக்ரி ஆராய்ச்சி நிலையம், உலோகங்கள் எப்படி அரிக்கின்றன என்று பார்க்க மண்டபத்தில் கடலோரமாகத் தகடுகளைக் காயப்போட்டு வைத்திருப்பது சும்மா இல்லை. வெளியே உப்புக் காற்று. உள்ளே என்ன தெரியுமா? ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக வரும். தூரம் ஓட்டினால் சைலன்சர் கொதித்து அது வெளியேறிவிடும். கடைக்கும் கோயிலுக்குமாக இரண்டு கிலோமீட்டர் ஓட்டி நிறுத்தினால், தண்ணீர் உள்ளேயே தேங்கும். ஆக இரண்டு பக்கமும் துரு தின்னுகிறது. 2017இல் அரிச்சல்முனை வரை தார்ச்சாலை திறப்பதற்கு முன்னால், தனுஷ்கோடி மணலிலும் கடல் தண்ணீரிலும் ஓடிய வேன்களின் அடிப்பாகத்தைப் பார்த்தவர்களுக்கு நான் விளக்கவே வேண்டாம்.

இங்கே ஒரு நிமிஷம் புகைச் சான்றை மறந்துவிடுங்கள். சைலன்சர் ஓட்டையும் கார் தரைத்தகட்டில் துருப்பிடித்த ஓட்டையும் சேர்ந்தால் புகை காருக்குள் வரும். கார்பன் மோனாக்சைடுக்கு நிறமில்லை, வாடையில்லை. இரத்தத்தில் ஆக்சிஜன் உட்கார வேண்டிய இடத்தில், அதைவிட இருநூறு மடங்குக்கு மேல் பலமாக ஒட்டிக்கொள்ளும். ஆடி அமாவாசைக்கும் தை அமாவாசைக்கும் ராமேஸ்வரம் வருகிற டிரைவர்கள், இரவு முழுக்க கண்ணாடியை ஏற்றி ஏ.சி.யைப் போட்டுக்கொண்டு, நிற்கிற வண்டியிலேயே தூங்குகிறார்கள். தூங்குகிற ஆளுக்குத் தலைவலிகூடத் தெரியாது. தம்பிகளே, உங்கள் அப்பாவோ அண்ணனோ டாக்ஸி ஓட்டினால், இன்றைக்கு வீட்டுக்குப் போய் இதை மட்டுமாவது சொல்லுங்கள். அத்தை வாரம் இரண்டு நாள் உட்கார்ந்து போகிற கார் என்பதால் மாமாவிடம் கொஞ்சம் கோபமாகவே சொன்னேன்.

சைலன்சரை வெல்டிங் வைத்து, கேஸ்கெட் மாற்றி மறுபடி மீட்டரில் விட்டோம். கார்பன் மோனாக்சைடு 5.6 ஆகிவிட்டது! "காசு குடுத்துப் புகையைக் கூட்டிட்டு வந்திருக்கியே மாப்ளே" என்றார் மாமா. கூடவில்லை; இதுவரை வெளிக்காற்று கலந்து மறைந்திருந்த உண்மை இப்போதுதான் தெரிந்தது. காய்ச்சல்காரன் வாயில் ஐஸை வைத்துக்கொண்டு தெர்மாமீட்டர் வைத்தால் எப்படியோ, அப்படி. ஆகையால்தான் சைலன்சரை முதலில் பார் என்கிறேன். அதைச் செய்யாமல் கார்பரேட்டரைத் திருகினால், பொய் எண்ணைப் பார்த்துத் திருகுகிறோம்.

அடுத்தது ஏர் ஃபில்டர். தட்டியபோது கொட்டிய மணலில் ஒரு ரோஜாச் செடி வைக்கலாம். ஃபில்டரும் பிளக்குகளும் மாற்றியதும் 4.1, 900. ஹைட்ரோகார்பன் தேறியது, கார்பன் மோனாக்சைடு தேறவில்லை. காரணம் சோக் கேபிள். உப்பில் துருப்பிடித்துப் பாதி வழியில் இறுகிவிட்டது. டாஷ்போர்டில் குமிழ் முழுக்க உள்ளே போய்விட்டது போலத் தெரிந்தாலும், கார்பரேட்டர் வாயில் தகடு பாதி மூடியே நின்றது. அதாவது வண்டி எந்நேரமும் காலைநேரக் குளிரில் ஸ்டார்ட் ஆவது போலவே ஓடிக்கொண்டிருந்தது. மைலேஜ் இல்லை என்று மாமா புலம்பியதற்கும் அதுதான் காரணம். கேபிளை மாற்றி, இன்ஜின் நன்றாகச் சூடானபின் ஐடில் மிக்ஸர் திருகை மெல்ல உள்ளே திருகி, இன்ஜின் தடுமாற ஆரம்பிக்கிற இடத்திலிருந்து கொஞ்சம் வெளியே விட்டோம். அதிகமாக உள்ளே திருகினால் கார்பன் மோனாக்சைடு அழகாக இறங்கும். கலவை நீர்த்துப்போய் ஹைட்ரோகார்பன் ஏறிவிடும். இரண்டையும் பார்த்துத்தான் நிறுத்த வேண்டும். கடைசிச் சீட்டு 1.7, 420. மொத்தச் செலவு நாலாயிரத்துக்குள்.

பரிசோதனைக்குப் போகும்போது வண்டியைச் சூடாகக் கொண்டு போங்கள். ஒரு பத்து கிலோமீட்டர் ஓட்டிவிட்டு நேராக உள்ளே விடுவது நல்லது. கேட்டலிடிக் கன்வெர்ட்டர் உள்ள வண்டிக்கு இது கட்டாயம். 250, 300 டிகிரி வராமல் அது வேலையே ஆரம்பிக்காது. வள்ளத்துக்கு வாங்கிய மண்ணெண்ணெயில் கொஞ்சம் காருக்கும் ஊற்றுகிற பழக்கம் உள்ளவர்கள், அந்தப் பழக்கத்தை விடாமல் மீட்டரைக் குறை சொல்லக்கூடாது. இப்போது பங்குகளில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். பழைய கார்பரேட்டரில் அது கலவையை இன்னும் நீர்க்கச் செய்யும், பழைய ரப்பர் குழாய்களையும் கெடுக்கும். ஆகவே முன்பு வைத்த டியூனிங் இப்போதும் சரியாக இருக்கும் என்று இருந்துவிடாதீர்கள். குழாய்களை விரலால் அழுத்திப் பாருங்கள்.

டீசலுக்கு வேறு கதை. அங்கே வண்டியை நிறுத்தி வைத்து ஆக்சிலேட்டரை ஒரே மிதியாக அடிவரை மிதிப்பார்கள், சில தடவை. வருகிற புகை எவ்வளவு வெளிச்சத்தை மறைக்கிறது என்று பார்ப்பார்கள். பிஎஸ்-4க்கு முந்தியதற்கு உச்சம் 65 ஹார்ட்ரிட்ஜ், பிஎஸ்-4க்கு 50. டைமிங் பெல்ட் உள்ள வண்டியாக இருந்து அந்தப் பெல்ட் எப்போது மாற்றியது என்று தெரியாவிட்டால், அந்த மிதிக்கு முன்னால் மாற்றிவிடுங்கள். அறுந்தால் இன்ஜினே போகும். கரும்புகைக்கு முதலில் ஏர் ஃபில்டர், அடுத்தது நாசில், அதற்குப் பிறகுதான் பம்ப். நீலப்புகை என்றால் ஆயில் எரிகிறது. அதற்குப் பட்டறையில் குறுக்குவழி கிடையாது.

ஆனால் பட்டறைகளில் ஒரு வித்தை நடக்கிறது, தெரிந்துகொள்ளுங்கள். டெஸ்டுக்கு முந்தின நாள் பம்பில் டீசல் அளவுத் திருகைக் குறைத்துவிடுவது, சான்று வாங்கி வந்ததும் பழையபடி ஏற்றிவிடுவது. ஏன் ஏற்றுகிறார்கள்? குறைத்த வண்டி பத்துப் பேரோடு பாம்பன் பாலத்தின் ஏற்றத்தில் மூச்சு வாங்குகிறது. பரிசோதனை நடப்பது நிற்கிற வண்டியில், சுமையில்லாமல். பாலத்தின் மேலே கக்குகிற புகை அந்த மீட்டருக்குத் தெரியாது. இது பரிசோதனையின் குறைதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் நல்ல நாசிலும் சுத்தமான ஃபில்டரும் உள்ள ஜீப், திருகைத் தொடாமலே மீட்டரிலும் தேறும், பாலத்திலும் ஏறும். நான் பார்த்திருக்கிறேன். நாசிலைக் கழற்றி அழுத்தம் பார்க்க பம்ப் கடையில் அரை நாள் ஆகும், அவ்வளவுதான்.

மெக்கானிக்கல் பிரிவுத் தம்பிகள் இரண்டு பேர், வெளியே நிற்கிற வண்டிகளின் சைலன்சரைப் பார்க்கலாமா என்று காலையிலேயே கேட்டார்கள். தாராளமாகப் பாருங்கள். இன்ஜின் ஓடும்போது புகைக்குழாய் வாயைக் கனமான துணியால் ஒரு விநாடி அடைத்துப் பிடித்தால், ஓட்டை உள்ள இடத்தில் உஸ்ஸென்று சத்தம் வரும். கை சுடும், ஜாக்கிரதை. முதல்வரின் காரில் ஆரம்பிக்க வேண்டாம், என்னுடையதில் ஆரம்பியுங்கள், வேப்பமரத்தடியில் நிற்கிறது.