ரிமோட்டை நீங்களே எடுங்கள்

(மூத்த குடியிருப்போர் சந்திப்பில் பேசியதன் எழுத்து வடிவம். அன்று வர முடியாதவர்களுக்காக இங்கே.)



பராமரிப்புக் கட்டண உயர்வு பற்றிய பொதுக்குழு உங்களுக்கு நினைவிருக்கும். பாதிப் பேர் கூடத்தில், மீதிப் பேர் வீட்டிலிருந்து ஜூமில். அடுத்த மாதமே லிஃப்டில் இரண்டு பேர் சேர்ந்தால் இரண்டு கதை. "ஏப்ரலிலிருந்து உயர்வு என்றுதானே முடிவு?" என்பார் ஒருவர். "இல்லை, ஜூலை" என்பார் மற்றவர். பி பிளாக் மாமி ஒருவர், "நான் எதிர்ப்புச் சொன்னேனே, மினிட்ஸில் அது எங்கே?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.

அந்தக் கூட்டத்தின் முழுப் பதிவும் நம் கூடத்து டிவிக்குக் கீழே உள்ள வீடியோ கான்ஃபரன்ஸ் பெட்டியில் இருந்தது. மூன்று வாரம் யாரும் பார்க்கவில்லை. "தெரிந்த பையன் யாராவது வந்து போட்டுக் காட்டட்டும்" என்று காத்திருந்தோம். கடைசியில் மாமியே ரிமோட்டைக் கையில் எடுத்தார். அவர் செய்ததைத்தான் இப்போது உங்களுக்குச் சொல்லப் போகிறேன்.

மேஜையில் இரண்டு ரிமோட் இருக்கும். பெரியது டிவிக்கு, சின்னது பெட்டிக்கு. டிவியைப் போட்டதும் "நோ சிக்னல்" என்று வந்தால் பயப்பட வேண்டாம். பெரிய ரிமோட்டில் "சோர்ஸ்" பட்டனை அழுத்தி "எச்டிஎம்ஐ 1" என்பதைத் தேர்ந்தெடுங்கள். அத்தோடு பெரிய ரிமோட்டின் வேலை முடிந்தது, கீழே வைத்துவிடுங்கள்.

இனி சின்ன ரிமோட். அதில் உங்களுக்குத் தேவையானவை மூன்றுதான்: அம்புக்குறிகள், நடுவில் "ஓகே", பக்கத்தில் "பேக்". திரையில் எந்தக் கட்டம் பளிச்சென்று தெரிகிறதோ, நீங்கள் அங்கே நிற்கிறீர்கள் என்று பொருள். "ஃபைல்ஸ்" வரை நகர்ந்து ஓகே. அடுத்து "யுஎஸ்பி", மறுபடி ஓகே. பெட்டியின் பின்னால் செருகியிருக்கும் பென் டிரைவ் திறக்கும். வழி தவறினால் "பேக்". எத்தனை முறை அழுத்தினாலும் எதுவும் கெட்டுப்போகாது.

இங்கேதான் பலரும் திகைக்கிறார்கள். கோப்பின் பெயர் "ஜிஎம்டி" என்று தொடங்கி எண்களாக நீளும். முதல் எட்டு எண்கள் தேதி: வருடம், மாதம், நாள் என்ற வரிசையில். அடுத்த ஆறு எண்கள் நேரம். ஆனால் அது கிரீன்விச் நேரம். நம் நேரம் அதைவிட ஐந்தரை மணி முன்னால். காலை 10 மணிக்குத் தொடங்கிய கூட்டம் அங்கே 0430 என்று தெரியும். "விடியற்காலை நாலரைக்கு யார் கூட்டம் போட்டது?" என்று ஒருவர் கேட்டே விட்டார். ஐந்தரை மணி நேரம் கூட்டிக்கொள்ளுங்கள், சரியாக வரும்.

ஒரே கூட்டத்துக்கு மூன்று கோப்புகள் இருக்கும். "எம்பி4" என்று முடிவது படமும் ஒலியும். "எம்4ஏ" ஒலி மட்டும். அதைப் போட்டுவிட்டு, படம் வரவில்லை, டிவி ரிப்பேர் என்று நினைக்காதீர்கள். "டிஎக்ஸ்டி" என்பது வீட்டிலிருந்து கலந்துகொண்டவர்கள் எல்லோரும் பார்க்கும்படி சாட்டில் எழுதியவை. மாமியின் எதிர்ப்பு அதில்தான் இருந்தது. அவர் பேசவில்லை, எழுதியிருந்தார். அதனால் வீடியோவை மட்டும் பார்த்திருந்தால் கிடைத்திருக்காது.

இரண்டு மணி நேரக் கூட்டத்தை முழுக்கப் பார்க்க வேண்டியதில்லை. ஓடும்போது வலது அம்பை அழுத்திப் பிடித்தால் வேகமாக நகரும். எந்தப் பொருள் எத்தனையாவது நிமிடத்தில் என்று இனி ஒவ்வொரு கூட்டத்துக்கும் ஒரு தாளில் எழுதி டிவி பக்கத்தில் ஒட்டிவைக்கிறோம்.

ஒரே ஒரு எச்சரிக்கை. "டிலீட்" என்ற சொல்லைப் பார்த்தால் ஓகே அழுத்தாதீர்கள், "பேக்" போங்கள். தவறிப் போனாலும் செயலாளரிடம் இன்னொரு நகல் இருக்கிறது. இன்னொரு வேண்டுகோள்: திரையை செல்போனில் படமெடுத்து வாட்ஸ்அப்பில் சுற்றவிட வேண்டாம். நம் வீட்டு விஷயம் நம் கூடத்துக்குள் இருக்கட்டும்.

சரி, மாமி என்ன ஆனார்? அடுத்த செயற்குழுவில் அவருடைய எதிர்ப்பு மினிட்ஸில் சேர்க்கப்பட்டது. அதே பதிவில், உயர்வு ஏப்ரலிலிருந்து என்று தலைவர் தெளிவாகச் சொன்னதும் இருந்தது. ஜூலை என்று அடித்துச் சொன்னவர்களில் மாமியும் ஒருவர். "அதில் நான்தான் தப்பு" என்று அவரே சிரித்துக்கொண்டு சொன்னார். அதோடு சண்டை முடிந்தது.

நம் சங்கத்துக்கு மினிட்ஸ் புத்தகம்தான் அதிகாரபூர்வ ஆவணம். ஆனால் அதில் எழுதியது சரியா என்று பார்க்கும் உரிமை உங்கள் ஒவ்வொருவருக்கும் உண்டு. அதற்கு இனி யாருக்காகவும் காத்திருக்க வேண்டாம். கூடத்துச் சாவி செக்யூரிட்டியிடம் இருக்கிறது. கேட்டு வாங்குங்கள், ஒருமுறை போட்டுப் பாருங்கள்.