கையொப்பமிட்ட நூலும் மறுதரமும்



என்னோடு ஒரே வகுப்பிற் பயின்று, இன்று அமெரிக்காவின் நியூ ஜேர்சி மாநிலத்தில் வாழும் நண்பர் ஒருவர், அண்மையில் ஓர் ஐயத்தை எனக்கு எழுதியிருந்தார். 1971ஆம் ஆண்டில் வெளிவந்த 'அமேசிங் ஸ்பைடர்மேன்' சித்திரக்கதையின் நூறாவது இதழ் அவரிடம் உண்டு. அக்கதையை எழுதிய ஸ்டான் லீயே அதன் முகப்பில் கையொப்பமிட்டிருக்கிறார். மகளின் பல்கலைக்கழகச் செலவுக்காக நண்பர் அதனை விற்கவேண்டியிருக்கிறது. உள்ளவாறே விற்பதா, மறுமுறை தரமிடுவித்து விற்பதா? பூமிசாத்திர நூலினுள் சித்திரக்கதையை ஒளித்துவைத்துப் படித்த நாங்கள் இருவரும், ஐம்பது கடந்தபின் இதனை ஆராய நேர்ந்தது வேடிக்கையே.

அந்நாட்டில் பழைய சித்திரக்கதைகளுக்குத் தரமிடும் நிறுவனங்கள் உள்ளன. அவற்றுட் பெயர்பெற்றது, 2000ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்று, புளோரிடா மாநிலத்திலிருந்து இயங்கும் சி.ஜி.சி. என்பது. நூலைப் பரிசோதித்து, பத்துக்கு இத்தனை என்று புள்ளியிட்டு, கண்ணாடிபோன்ற பிளாஸ்ரிக் உறையில் மூடி அனுப்புவர். கையொப்பமிடும்போது அவர்களுடைய சாட்சி அருகிலிருந்து கண்டால், உறையின் சிட்டை மஞ்சள் நிறம் பெறும். சாட்சியின்றி இட்ட கையொப்பத்துக்கு இச்சிட்டை கிடைப்பதில்லை. எழுத்தை ஆராய்ந்து சான்று கூறும் வல்லுநரும் உளர். எனினும் கண்டு சொல்வதும் கருதிச் சொல்வதும் ஒன்றாகா.

நண்பரின் நூல் மஞ்சட் சிட்டையுடன் 9.2 பெற்றது. அடுத்த படி 9.4. இந்தச் சிறு வேறுபாட்டுக்கே விலை கணிசமாக உயரக்கூடும். அந்த ஆசைதான் அவரை உறங்கவிடவில்லை.

உறையை அவர் தாமே உடைத்து நூலை வெளியே எடுப்பாராயின், சாட்சியின் தொடர்பு அற்றுப்போகும். மஞ்சட் சிட்டையை மீளப் பெற முடியாது. ஸ்டான் லீ 2018ஆம் ஆண்டு நவம்பர் மாதம் 12ஆந் தேதி காலமானார். மறுபடி கையொப்பம் பெறுவதற்கும் வழியில்லை. ஆகவே அனுப்புவதானால், உறை குலையாமல் அந்நிறுவனத்துக்கே அனுப்பவேண்டும்.

மறுதரம் வேண்டுவோர் பெரும்பாலும் நூலை அழுத்துவித்தே அனுப்புவர். இளஞ்சூடும் சிறிது ஈரமும் கொடுத்து அழுத்தினால், வளைவும் விரல்பட்ட குழிவும் நீங்கும். மை உடைந்து வெண்மை தெரியும் மடிப்போ, கிழிசலோ, கறையோ நீங்கா. இவ்வழுத்தத்தைப் பழுதுபார்த்தலாக அந்நிறுவனம் கொள்வதில்லை. சேகரிப்போருட் சிலர் அதனை ஒப்புவதில்லை. அவர்கள் பக்கமும் நியாயம் உண்டென்றே எனக்குத் தோன்றுகிறது.

ஆகையால், புகைப்படங்களை அனுப்புமாறு கேட்டேன். பின்னட்டையில் ஒரு விரற்குழிவு. முதுகோரத்தில் நான்கு வெண்கீறல்கள். குழிவு அழுத்தத்தில் மறையலாம். கீறல்களோ கிடந்தபடியே கிடக்கும். புள்ளியைக் குறைத்தவை அவையே என்று என் கண்ணுக்குப் பட்டது. தவிரவும், மறுதரத்திற் புள்ளி குறையவுங் கூடும், தரமிடுவோரும் மனிதரே. பரீட்சை விடைத்தாளை மீள்பரிசீலனைக்கு அனுப்ப விரும்பும் மாணவரிடம், எந்த வினாவில் புள்ளி தவறியது என்று நான் முதலிற் கேட்பது வழக்கம். "எப்படியும் கூடும், ஐயா" என்பவர்களுக்கு நான் கையொப்பமிட்டுக் கொடுப்பேன், நம்பிக்கை கொடுப்பதில்லை.

செலவும் உண்டு. தரமிடுங் கட்டணம் நூலின் பெறுமதிக்கேற்ப ஏறும். அழுத்துவதற்கும் அஞ்சற் காப்புறுதிக்கும் வேறு பணம். திரும்பிவர வாரங்களோ மாதங்களோ செல்லலாம். பல்கலைக்கழகக் கட்டணத்துக்கோ தவணை நாள் குறித்தாயிற்று. வெண்கீறல் இன்றிக் குழிவு மாத்திரம் இருந்திருந்தால், காத்திருக்கச் சொல்லியிருப்பேன்.

இருந்த உறையிலேயே விற்குமாறு எழுதினேன். இரண்டு நாள் மறுமொழியில்லை. பின்னர், விற்பனை அறிவித்தலிற் பின்னட்டைக் குழிவின் படத்தையும் சேர்த்துவிட்டதாக அறிவித்தார். அதனைத் தம் மகளே எடுத்ததாகவும் எழுதியிருந்தார்.