ஐம்பது வயதில் கற்ற கணிப்பொறி மொழி

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நான் 1990-இல் பி.காம். முடித்தவன். கணிப்பொறி படித்தவன் இல்லை. "உனக்கும் கம்ப்யூட்டர் மொழிக்கும் என்னய்யா சம்பந்தம்?" என்று முன்வரிசையில் ஒருவர் முணுமுணுப்பது காதில் விழுகிறது. சம்பந்தம் ஒரு குறுந்தகட்டில் வந்தது. அதைத்தான் சொல்லப்போகிறேன்.

1996-இல் நான் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் டி.டி.பி. சென்டர் வைத்திருந்தது உங்களில் பலருக்குத் தெரியும். கல்யாணப் பத்திரிகை, காதணி விழா அழைப்பிதழ், கண்ணீர் அஞ்சலி எல்லாம் அடித்துக் கொடுப்பேன். நம் தமிழ் ஐயா ஓய்வு பெற்றபின் ஒருநாள் இரண்டு செருப்புப் பெட்டி நிறையச் சீட்டுகளோடு வந்தார். நாகல்நகர் பூட்டுப் பட்டறைகள், சின்னாளபட்டித் தறிகள், நிலக்கோட்டைப் பூக்காடுகள் என்று விடுமுறை நாளெல்லாம் சைக்கிளில் சுற்றிச் சேர்த்த சொற்கள். சொல், பொருள், யார் வாயில் கேட்டது, எந்த ஊர் என்று ஒவ்வொரு சீட்டிலும் எழுதியிருந்தார். "ஏப்பா, இதை அச்சுக்குக் கொண்டுவரணும். அடிச்சுத் தா" என்றார். மூவாயிரத்துச் சொச்சம் சொற்கள். இரண்டு வருடம் அடித்தோம். அச்சுக்குப் பணம் சேரவில்லை. புத்தகம் வரவேயில்லை. கோப்புகளைக் குறுந்தகட்டில் ஏற்றி ஐயாவிடம் கொடுத்தேன்.

2015-இல் ஐயா காலமானார். 2019-இல் திண்டுக்கல் பூட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்த செய்தியைப் பத்திரிகையில் படித்துவிட்டு, அவருடைய மகள் அந்தக் குறுந்தகட்டோடு என்னைத் தேடி வந்தது. "அண்ணே, அப்பா எழுதுன பூட்டுச் சொல்லெல்லாம் இதுல இருக்குல்ல? சீட்டையெல்லாம் கரையான் தின்னுருச்சு" என்றது.

குறுந்தகடு திறந்தது. கோப்பும் திறந்தது. ஆனால் திரையில் தமிழ் இல்லை. ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் கிறுக்கலுமாக ஓடியது.

காரணம் என்ன தெரியுமா? அந்தக் காலத்து எழுத்துருக்களில், ஆங்கில எழுத்துக்கும் குறிகளுக்கும் உரிய இடங்களில் தமிழ் வடிவங்களை உட்கார வைத்திருப்பார்கள். கோப்பில் இருப்பது வெறும் எண். அந்த எண்ணுக்கு எந்த வடிவம் என்பது எழுத்துருவுக்குத்தான் தெரியும். எழுத்துரு போனால் பூட்டு இருக்கும், சாவி இருக்காது. என் பழைய கம்ப்யூட்டரை, எழுத்துருவோடு சேர்த்து, 2006-இல் பழைய இரும்புக் கடையில் போட்டவன் நான்தான். குற்றம் என்னுடையது.

இது என் ஒருவன் கதை மட்டும் இல்லை. 1991-இல் வந்த யூனிகோடின் முதல் பதிப்பிலேயே தமிழுக்கு 128 இடங்கள் ஒதுக்கியிருந்தார்கள். ஆனாலும் அச்சகமும் அலுவலகமும் ஆளுக்கொரு எழுத்துருவில்தான் ஓடின. வெளிநாட்டுத் தமிழர்கள் டிஸ்கி என்றொரு குறியேற்றம் செய்தார்கள். 1999-இல் சென்னையில் நடந்த தமிழ் இணைய மாநாட்டை ஒட்டி டாம், டாப் என்று இரண்டு வந்தன. 1998 பொங்கலன்று முனைவர் கல்யாணசுந்தரம் சுவிட்சர்லாந்திலிருந்து நண்பர்களோடு தொடங்கிய மதுரைத் திட்டம்கூட, தொடக்கத்தில் ஏற்றிய நூல்களைப் பிற்பாடு யூனிகோடுக்கு மாற்ற வேண்டியிருந்தது. தமிழ்நாடு அரசு யூனிகோடைத் தரமாக அறிவித்தது 2010-இல்தான். இடைப்பட்ட காலத்தில் அடித்தவை எத்தனை வீட்டு அலமாரியில் இப்படிப் பூட்டிக் கிடக்கின்றனவோ!

நம் ஜூனியர் ஒருவர் பெங்களூரில் இருக்கிறார். போன் போட்டேன். "அண்ணே, மாத்திரலாம். பெர்ல் படிங்க" என்றார். நான் மாவட்டத்தில் இல்லாத ஊர் பெயரைக் கேட்டதுபோல் விழித்தேன்.

பெர்ல் என்பது 1987-இல் லாரி வால் என்பவர் உருவாக்கிய நிரல்மொழி. அவர் மொழியியலும் படித்தவர். நீளமான கோப்புகளை வரி வரியாகப் படித்து, வேண்டியதைப் பிடித்து, மாற்றி எழுதுவதற்கென்றே பிறந்த மொழி அது. தொண்ணூறுகளில் இணையப் பக்கங்களில் படிவத்தை நிரப்பிப் பொத்தானை அழுத்தினால், அந்தப் பக்கம் பதில் சொன்ன நிரல்களில் பெரும்பகுதி பெர்ல்தான். இன்றைக்கு மாணவர்கள் பைத்தான் படிக்கிறார்கள். அதிலும் இதே வேலையைச் செய்யலாம். எனக்குக் கற்றுத்தர ஆள் கிடைத்தது பெர்லுக்கு.

முதல் நாள் பாடம், "திண்டுக்கல்" என்ற சொல்லின் நீளம் என்ன என்று கேட்பது. நமக்குத் தெரியும், ஆறெழுத்து. பெர்ல் 33 என்றது! பதறிப்போய்க் கேட்டால் ஜூனியர் சிரிக்கிறார். யூனிகோடை யூ.டி.எப்.-8 முறையில் சேமிக்கும்போது ஒவ்வொரு தமிழ்க் குறியும் மூன்று பைட் பிடிக்கும். "இது தமிழ் உரை" என்று முன்கூட்டிச் சொல்லாவிட்டால் பெர்ல் பைட்டைத்தான் எண்ணும். சொன்னேன். இப்போது 11 என்றது. 'தி' என்பதை 'த' ஒன்று, இகரக் குறி ஒன்று என்று இரண்டாக வைத்திருக்கிறது. 'ண்' என்பதும் அப்படியே, 'ண' ஒன்று, புள்ளி ஒன்று. "பார்வைக்கு ஓரெழுத்தாக இருப்பதை ஒன்றாக எண்ணு" என்று சொல்ல ஒரு குறியீடு உண்டு. அதைப் போட்டபின் 6 வந்தது. மூன்று விடையும் சரிதான்; நான் கேட்ட கேள்விதான் வேறு வேறு. இந்த ஒரு பாடத்தைப் பிடித்துக்கொண்டால் பாதி மொழி வந்த மாதிரி.

அடுத்தது மாற்று அட்டவணை. நல்லவேளையாக ஐயா திருத்திய மெய்ப்பில் 12 பக்கம் அந்தத் தங்கச்சி வீட்டில் மிஞ்சியிருந்தது. தாளில் 'பாவு' என்று இருக்கும் இடத்தில் கோப்பில் என்ன கிறுக்கல், 'ஊடை' என்று இருக்கும் இடத்தில் என்ன கிறுக்கல் என்று ஒவ்வொன்றாக எழுதி வைத்தேன். பதினைந்து நாளில் அட்டவணை ஏறக்குறைய முழுமையானது.

ஆனால் எண்ணுக்கு எண் மாற்றினால் மட்டும் போதாது. பழைய எழுத்துருவில், கையால் எழுதுவது போலக் கொம்பை முதலில் அடித்து, பிறகு எழுத்தை அடிப்போம். யூனிகோடில் எழுத்து முதலில், கொம்பு பின்னால். ஆக, கொம்பையும் எழுத்தையும் இடம் மாற்ற ஒரு விதி எழுதினேன். ஓட்டினேன். திரையில் தமிழ் வந்தது! இரவு பதினொரு மணிக்கு வீட்டுக்காரியை எழுப்பிக் காட்டினேன்.

மறுநாள் அந்தத் தங்கச்சியை வரச்சொன்னேன். நாதாங்கி தேடினோம், இருந்தது. மாங்காய்ப் பூட்டு, இருந்தது. "கொண்டி பாருங்கண்ணே. அப்பா சொல்லிக்கிட்டே இருப்பாரு" என்றது. தேடினேன். இல்லை என்று வந்தது. "அது விட்டுப்போச்சு போலம்மா" என்றேன். "அப்பா அதை விட்டிருக்க மாட்டாருண்ணே" என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டது. நாற்பது வருட உழைப்பில் ஐயா விட்டுவிட்டார் என்று, அவர் மகளிடமே நான் சொல்லிவிட்டேன்.

மூன்று நாள் தூக்கமில்லை. கோப்பைக் கண்ணால் வரி வரியாகப் படித்தேன். 'கொண்டி' இருந்தது! என்ன நடந்தது தெரியுமா? 'கொ' என்பதைப் பழைய எழுத்துருவில் கொம்பு, 'க', கால் என்று மூன்றாக அடிப்போம். என் விதி கொம்பை மட்டும் இடம் மாற்றி 'க', கொம்பு, கால் என்று விட்டுவிட்டது. திரையில் பார்த்தால் அசல் 'கொ'தான். ஆனால் விசைப்பலகையில் நாம் அடிக்கும் 'கொ' இரண்டே குறி, 'க'வும் ஒகரக் குறியும். கண்ணுக்கு ஒன்று, கணிப்பொறிக்கு வேறு. இப்படி இரண்டு விதமாக இருப்பதை ஒரே விதமாக்க, பெர்லோடு கூடவே வரும் ஒரு தொகுப்பு இருக்கிறது. நாலு வரி சேர்த்தேன். கொண்டி வந்தது, கொடைக்கானல் வந்தது, கொத்துவேலை வந்தது. அன்றைக்கே அவர்கள் வீட்டுக்குப் போய், "ஐயா விடலம்மா, நான்தான் தப்பாச் சொல்லிட்டேன்" என்று சொன்னேன். அதற்குப் பிறகுதான் சோறு இறங்கியது.

இன்னொரு வேடிக்கையும் கேளுங்கள். 'வௌவால்' என்பதைப் பழைய முறையில் கொம்பு, 'வ', பிறகு 'ள' வடிவம் என்று அடிப்போம். அதைச் சரியாக்க ஒரு விதி போட்டேன். வௌவால் சரியாக வந்தது. ஆனால் நம் ஊர்ப் பேச்சுச் சொல் 'வெளக்கமாறு' இருக்கிறதே, அது 'வௌக்கமாறு' ஆகிவிட்டது! இதை எந்த விதியாலும் தீர்க்க முடியாது. திண்டுக்கல்லில் பிறந்தவனுக்குத்தான் தெரியும். ஆகவே சந்தேகமான வரிகளை மட்டும் தனியே பொறுக்கித் தரும்படி பெர்லிடம் சொல்லி, அவற்றைக் கையால் திருத்தினேன். ஆயிரக்கணக்கான வரியைச் சலிக்கிற வேலை அதற்கு, எது சரி என்று சொல்கிற வேலை எனக்கு.

அகரவரிசையும் அப்படித்தான். கணிப்பொறியை அதன் போக்கில் விட்டால் பழனிக்குப் பிறகு பவானியை வைக்கும். யூனிகோடு அட்டவணையில் ழகரம் வகரத்துக்கு முந்தி வருகிறது. நம் நெடுங்கணக்கில் வகரம்தான் முந்தி. அகராதி என்று சொல்லிக்கொண்டு அதை விட முடியுமா? ஒவ்வொரு எழுத்துக்கும் நம் வரிசைப்படி ஓர் எண் கொடுத்து, அந்த எண்ணால் அடுக்கச் சொன்னேன்.

கடைசியாக ஒரு சிறு இணையப் பக்கம். ஒரு பெட்டி, ஒரு பொத்தான், அறுபது எழுபது வரி பெர்ல். சொல்லை அடித்தால் பொருளும் ஊரும் வரும். இதில் கற்ற பாடம் இரண்டு. ஒன்று, பெட்டியில் ஒருவர் அடிக்கும் சொல்லையும், கோப்பில் உள்ள சொல்லைப் போலவே ஒரே விதமாக்கிய பிறகுதான் ஒப்பிட வேண்டும். பூட்டையும் ராவணும், சாவியையும் ராவணும். ஒன்றை மட்டும் அரத்தால் ராவினால் திறக்காது. இரண்டு, வெளியாள் அடித்ததை அப்படியே பக்கத்தில் திருப்பிக் காட்டக்கூடாது. அதில் நிரல் துண்டை ஒளித்து அனுப்புகிறவர்கள் உண்டு. குறிகளைச் செயலற்றதாக்கிவிட்டுத்தான் காட்ட வேண்டும்.

மாணவத் தம்பி தங்கைகளுக்கு மூன்றே வார்த்தை. புத்தகத்தில் உள்ள பயிற்சியோடு நிற்காமல், உங்கள் வீட்டில் கிடக்கிற ஒரு கோப்பை வைத்துக் கற்றுக்கொள்ளுங்கள். எந்தக் கோப்பைத் தொடுமுன்னும் ஒரு நகல் எடுத்து வையுங்கள். மூலத்தின் மேலேயே நிரலை ஓட்டாதீர்கள். இருக்கிறது என்று உறுதியாகத் தெரிந்த பத்துச் சொல்லைத் தேடிப் பார்க்காமல், "இல்லை" என்று யாரிடமும் சொல்லாதீர்கள்.

என் வயது நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். பரணில் கிடக்கிற பிளாப்பியையும் குறுந்தகட்டையும் எடுங்கள். அப்பா எழுதிய குடும்ப வரலாறாக இருக்கலாம், அம்மாவின் சமையல் குறிப்பாக இருக்கலாம். எந்த எழுத்துருவில் அடித்தது என்று ஞாபகம் இருக்கும்போதே ஒரு சீட்டில் எழுதி ஒட்டுங்கள். ஒரு பக்கமாவது அச்செடுத்தது இருந்தால் தூக்கிப் போடாதீர்கள். அந்த ஒரு பக்கம்தான் சாவி.

ஐயாவின் சொற்பட்டியல் இப்போது நம் கல்லூரி நூலகக் கணிப்பொறியில் இருக்கிறது. மதிய உணவுக்குப் பிறகு ஒரு எட்டு போய்ப் பாருங்கள். உங்கள் பாட்டி சொன்ன சொல் எதுவும் அதில் இல்லையென்றால் என்னிடம் வந்து சொல்லுங்கள். முதலில் இன்னொரு முறை தேடிவிட்டு, பிறகு சேர்த்துக்கொள்வோம்.