நீ யார் என்னும் கேள்வி



பிறரிடத்துப் பொய் சொல்லலாகாது என்பதை நாம் பாலர் வகுப்பிலேயே கற்றுவிடுகின்றோம். திருவள்ளுவர் வாய்மைக்கென ஓர் அதிகாரமே வகுத்திருப்பதையும் அறிவோம். ஆயின், தனக்குத் தான் பொய் சொல்லாதிருத்தல் என்னும் பாடத்தை எந்த வகுப்பிலே கற்கின்றோம்? அதற்குப் பாடநூலும் இல்லை, பரீட்சையும் இல்லை. ஆதலால் பலர் அதைக் கல்லாமலே வாழ்வை முடித்துக்கொள்கின்றனர்.

அந்தப் பாடத்தை வாழ்ந்து காட்டியவர் ஒருவர் நம் நாட்டிலே இருந்தார். யாழ்ப்பாண நகரின் ஓரத்தே, கடல்நீரேரியைத் தொட்டுக் கிடக்கும் கொழும்புத்துறையில் ஒரு சிறு கொட்டிலே அவர் இல்லம். அவரே சிவயோக சுவாமிகள்; மக்கள் வாயில் யோகர் சுவாமிகள்.

சுவாமிகள் 1872ஆம் ஆண்டிலே மாவிட்டபுரத்திலே பிறந்தவர். யாழ்ப்பாணம் புனித பத்திரிசியார் கல்லூரியிலே கற்றவர். இரணைமடு நீர்ப்பாசன வேலைத்தலத்திலே பண்டகசாலைப் பொறுப்பாளராகக் கடமை புரிந்தவர். அக்காலத்திலே அது ஊரார் மதிக்கும் உத்தியோகம். அந்த நிலையில் இருந்தவரை நல்லூர்த் தேரடியிலே ஒருவர் தடுத்தாட்கொண்டார். அவர் செல்லப்பா சுவாமிகள். கந்தலுடுத்து, தமக்குத் தாமே பேசிக்கொண்டு, கிட்ட வந்தோரை ஏசித் துரத்திய அவரை ஊரார் விசரர் என்றே எண்ணினர். அவர் இந்த இளைஞரைக் கண்டதும், நீ யார் என்று அதட்டிக் கேட்டார் என்பது நம்மிடையே வழிவழியாக வழங்கும் வரலாறு.

நேயர்களே, இந்தக் கேள்வியைச் சற்றே நிறுத்தி எண்ணிப் பாருங்கள். நம்மிடம் ஒருவர் நீ யார் என்று கேட்டால் நாம் என்ன சொல்வோம்? பெயரைச் சொல்வோம், அது பெற்றோர் இட்டது. ஊரைச் சொல்வோம், அது பிறப்பால் வாய்த்தது. உத்தியோகத்தைச் சொல்வோம், அது அரசாங்கம் தந்தது, இளைப்பாறும் நாளிலே அதுவே திரும்ப எடுத்துக்கொள்வது. நல்லவன் என்று சொல்வோமாயின், அதுவும் அயலார் வாயிலிருந்து நாம் பெற்ற நற்சான்றுப் பத்திரமே. இவை யாவும் இரவல் விடைகள். இரவல் நகை அணிந்து கலியாண வீட்டுக்குப் போகலாம். அதை நம் சொத்தென்று எண்ணி உறங்கலாகாது.

பழங்கால யவன தேசத்திலே, தெல்பி என்னும் தலத்துக் கோயிலிலும் உன்னை நீ அறிவாயாக என்னும் கருத்துடைய வாசகம் பொறிக்கப்பட்டிருந்தது. கடல்கள் பல இடையிட்ட தேசங்களிலும் மனிதனைக் குடைந்த கேள்வி ஒன்றுதான்.

யோகர் சுவாமிகள் உத்தியோகத்தைத் துறந்தார்; குருவின் கடுமையான பயிற்சிக்கு ஆளானார். பின்னர்க் கொழும்புத்துறையிலே ஓர் இலுப்பை மரத்தடியிலே அமர்ந்தார். அதன்பின் அன்பர்கள் அமைத்த கொட்டிலிலே வாழ்ந்தார். நாளடைவில் உத்தியோகத்தரும் கமக்காரரும், கற்றோரும் கல்லாதோரும் அவ்வாசலைத் தேடி வந்தனர். சிலரை அன்போடு இருத்தினார். சிலரை ஏசி அனுப்பினார். பதவியைக் கண்டு அவர் குரல் தாழ்ந்ததில்லை. வறுமையைக் கண்டு உயர்ந்ததுமில்லை. சிவதொண்டன் என்னும் இதழ் தோன்றியதும், சிவதொண்டன் நிலையம் எழுந்ததும் அவர் அருளாணையால். எனினும், 1964 மார்ச் மாதத்திலே சமாதியடையும் வரை அவருக்கு அக்கொட்டிலே போதுமாயிருந்தது.

இவ்விடத்தே ஓர் ஐயம் எழலாம். தனக்கு உண்மையாயிருத்தல் என்றால், மனம் போனபடி நடத்தல்தானோ? அன்று. மனம் போனபடி நடப்பதற்குக் குருவும் வேண்டா, தவமும் வேண்டா. ஆசை எப்பொழுதும் உரத்த குரலிலே பேசும். உள்ளிருக்கும் உண்மையோ மெல்லப் பேசும். அதைக் கேட்கப் பழகுதலே பயிற்சி.

அம்மெல்லிய குரலை நான் ஒரு சிறுவன் வாயிலே கேட்டேன். இளம் ஆசிரியனாயிருந்த காலத்திலே, நான் கற்பித்த பாடசாலைக்குப் பரிசோதனைக் குழுவினர் வரவிருந்தனர். எம் வகுப்பறைச் சுவர்கள் வெறுமையாயிருந்தன. முதல்நாள் மாலை, அயற்பாடசாலை ஒன்றிலிருந்து அழகான சுவர்ப்படங்களை இரவலாக வாங்கி வந்து தொங்கவிட்டேன். குழுவினர் பாராட்டினர், நானும் அகமகிழ்ந்தேன். அவர்கள் படலையைத் தாண்டியதும் ஒரு சிறுவன் எழுந்து, “சேர், இந்தப் படங்களை இன்றைக்கே திருப்பிக் கொடுக்க வேணுமோ, நாளைக்கும் நாங்கள் பார்க்கலாமோ?” என்று கேட்டான். அவன் என்னைக் குத்திக் கேட்கவில்லை; படங்களைப் பார்க்கும் ஆசையினாலேதான் கேட்டான். ஆயினும், என்னால் அவன் முகத்தைப் பார்க்க இயலவில்லை. குழுவினரை நான் ஏமாற்றியது ஒருபுறமிருக்க, நல்லாசிரியன் என்று என்னையே நான் ஏமாற்றிக்கொண்டேன். அடுத்த கிழமை பிள்ளைகளும் நானும் சேர்ந்து, பழைய கலண்டர் மட்டைகளிலே படங்கள் வரைந்தோம். அவை கோணலாகத்தான் இருந்தன. ஆனால் எமக்கு உரியனவாயிருந்தன.

இன்று அதிபராயிருந்து பார்க்கையில், இரவல் படங்களை நாம் பிள்ளைகளின் உள்ளத்திலும் தொங்கவிடுகின்றோம் எனத் தோன்றுகின்றது. உயர்தரத்துக்கு எந்தப் பிரிவிலே படிக்கப்போகின்றாய் என்று கேட்டால், பல பிள்ளைகள் விடை சொல்லுமுன் தாயின் முகத்தைப் பார்க்கின்றனர். அண்ணன் மருத்துவன், ஆதலால் தம்பியும் உயிரியல். பெற்றோரே, பிள்ளைக்கு வழிகாட்டுவது உங்கள் கடமை. அதை நான் மறுக்கவில்லை. ஆனால், வழிகாட்டுமுன் ஒருமுறை கேளுங்கள். கேட்டபின் விடை வரும்வரை பொறுத்திருங்கள். பிள்ளையின் விடை பிழையாயிருந்தால் திருத்தலாம். விடை சொல்லவே பழகாத பிள்ளையை நாற்பது வயதிலே யார் திருத்துவது?

நாம் எல்லோரும் துறவு பூணல் இயலாது, வேண்டியதுமில்லை. இரவிலே விளக்கணைத்தபின், நம்மைப் பார்ப்பார் எவருமில்லாத அந்த வேளையிலே, இன்று எந்தச் சுவரிலே இரவல் படத்தைத் தொங்கவிட்டேன் என்று நம்மை நாமே கேட்டுக்கொள்வோம். விடை நாணத்தைத் தருமாயின் நல்லது; நாணுகிறவனுக்கு நாளை ஒன்று உண்டு. நல்லூர்த் தேரடியிலே எழுந்த அந்தக் கேள்வி நம் வீட்டுப் படலையிலும் நிற்கின்றது. அதற்கு நம் சொந்த வாயால் விடை சொல்லப் பழகுவோம்.